குவான்ஜியென் ஷி: சீனத்தில் ‘விஷயமே இதுதான்’ என்று சொல்ல ஒரு தொடர்

சீனாவின் யிவூ நகர மொத்தச் சந்தையில் ஒரு சீரியல் லைட் கடை. கடைக்கார அம்மா கால்குலேட்டரில் விலையைத் தட்டி என் பக்கம் திருப்பினார். நான் அதைக் குறைத்துத் தட்டி அவர் பக்கம் திருப்பினேன். இப்படியே ஏழெட்டு முறை போனது. ஒவ்வொரு முறையும் அவர் பொறுமையாக ஏதோ நீளமாகச் சொன்னார். அதில் ஒரு துண்டு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது: “குவான்ஜியென் ஷி… ஷூலியாங்.” எனக்கு அப்போது எண்களும், ‘எவ்வளவு’ என்று கேட்கும் ‘துவோஷாவ் ச்சியென்’னும்தான் தெரியும். அவர் விலையைக் குறைக்க மறுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு எழுந்து வந்துவிட்டேன்.

அன்று இரவு, அங்கே பல வருடமாக இருக்கும் ஒரு தமிழ் அண்ணனிடம் அந்த ஒலியைச் சொல்லிக் காட்டினேன். “அவங்க உனக்கு வழி சொல்லியிருக்காங்கடா, நீதான் கேக்கல” என்றார். அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான்: விலையைப் பேசிக்கொள்ளலாம், நீங்கள் எத்தனை எடுக்கிறீர்கள் என்பதுதான் விஷயம். நான் விலையைப் பிடித்துக்கொண்டு தொங்கிய அரை மணி நேரமும் அவர் எண்ணிக்கையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

சீனாவின் பொதுமொழியான மாண்டரின் கற்க ஆரம்பிக்கும் யாருக்கும், வணக்கமும் நன்றியும் முடிந்த கையோடு இந்தத் தொடரைத்தான் நான் சொல்லிக்கொடுப்பேன். காரணம் எளிது. சீனர் ஒருவர் வேகமாகப் பேசும்போது புதியவருக்குப் பாதிகூடப் புரியாது. ஆனால் ‘குவான்ஜியென் ஷி’ காதில் விழுந்தால், அடுத்து வரும் நாலு சொல்லைக் குறிவைத்துக் கேட்கலாம். முன்னால் போனது பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. அவர் சொல்ல வந்தது பின்னால்தான் வருகிறது. அதனால் இதை முதலில் காதால் கற்க வேண்டும், வாய்க்கு அப்புறம்தான் வேலை.

முதலில் பொருள்

‘குவான்ஜியென்’ என்பது இரண்டு எழுத்து. ‘குவான்’ என்றால் மூடு. பழைய பொருள், கதவுக்குக் குறுக்கே போடும் கட்டை. ‘ஜியென்’ என்பதும் பூட்டோடும் தாழோடும் சேர்ந்த சொல்தான். இரண்டும் சேர்ந்தால் தாழ்ப்பாள். கதவு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது திறப்பதும் திறக்காததும் அந்தச் சின்னக் கட்டையின் கையில் இருக்கிறது. அங்கிருந்துதான் ‘எது முடிவு செய்கிறதோ அது’ என்ற இன்றைய பொருள் வந்தது. ‘ஷி’ என்பது ‘இது அது ஆகும்’ என்று இணைக்கும் சொல். ஆக, ‘முக்கியமானது என்னவென்றால்’, பேச்சுத் தமிழில் ‘விஷயம் என்னன்னா’.

இந்த இரண்டு எழுத்தும் சீனாவில் எங்கே திரும்பினாலும் கண்ணில் படும். கதவை மூடுவது ‘குவான்மென்’. மின்சார சுவிட்ச் ‘காய்குவான்’, அதாவது திற-மூடு. சுங்கத்துறை ‘ஹாய்குவான்’, கடல் வாசல். கணினி விசைப்பலகை ‘ஜியென்பான்’. இணையத்தில் தேட நாம் தட்டும் குறிச்சொல் ‘குவான்ஜியென்ட்ஸ’. ஒரு சொல்லைக் கற்கப் போய் நாலைந்து சொல் கூடவே வந்து சேரும்.

எழுத்து வடிவத்தையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். சீனாவிலும் சிங்கப்பூரிலும் எழுதும் எளிய வடிவத்தில் ‘குவான்’ என்பது, ‘வானம்’ என்ற எழுத்தின் தலையில் இரண்டு சிறு கொம்பு வைத்தது போல இருக்கும். தைவானிலும் ஹாங்காங்கிலும் எழுதும் பழைய வடிவத்தில் இரட்டைக் கதவு படமாகவே நிற்கும், கதவுக்கு நடுவே கோடுகள். தாழ்ப்பாள் கதை மனதில் நிற்க அந்தப் பழைய வடிவத்தை ஒரே ஒரு தடவை பார்த்து வைத்தால் போதும்.

அடுத்து, ஒலி

இங்கே தமிழருக்கு ஒரு நல்ல செய்தி. ‘குவான்’ என்பதைப் பின்யினில், அதாவது 1958 முதல் சீனாவில் வழக்கத்தில் உள்ள ரோமன் எழுத்துமுறையில், ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கி எழுதுவார்கள். அதைப் பார்த்ததும் பலர் ‘கங்கை’யின் முதல் எழுத்தைப் போல அழுத்தி ஒலிக்கிறார்கள். தேவையில்லை. ‘கடல்’ என்று சொல்லும்போது வருகிற க இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான் சீன ஒலி. வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்து ‘கடல்’ என்று சொல்லிப் பாருங்கள், காற்று அடிக்காது. ‘குவான்’ சொல்லும்போதும் அடிக்கக் கூடாது. பார் என்ற பொருளில் வரும் ‘க்ஹான்’ போன்ற சொற்களில்தான் கையில் காற்று பட வேண்டும். நமக்குக் கடினம் அந்தப் பக்கம்தான்.

‘ஜியென்’னில் ஒரு பொறி இருக்கிறது. பின்யின் எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் ‘ஜியான்’ என்று வரும். ஒலிப்பது ‘யென்’ என்றுதான். முதல் மெய்யும் ‘ராஜா’வில் வரும் ஜ அல்ல. ‘பச்சை’ என்று சொல்லும்போது நாக்கு படுகிற இடத்துக்குப் பக்கத்தில், நாக்கு நுனியைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் வைத்து, உதட்டைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் ஜ போட்டு எழுதுகிறேன், அவ்வளவுதான்.

‘ஷி’ என்று எழுதியிருப்பதும் உண்மையில் ‘ஷி’ அல்ல. ‘ஷ’வுக்கு நாக்கை மடித்த இடத்திலேயே வைத்துக்கொண்டு, இகரம் சேர்க்காமல், ‘ழ்’ என்று இழுங்கள்: ‘ஷ்ழ்’. நாம் ‘ழ’வுக்கு நாக்கை வளைக்கிற அதே இடம். மற்ற மொழிக்காரர்கள் மாதக்கணக்கில் போராடுகிற ஒலி இது. ‘பழம்’ என்று சரியாகச் சொல்லத் தெரிந்தவருக்கு ஒரு நாள் வேலை.

தொனிக்கு, அதாவது சொல்லின் பொருளையே மாற்றிவிடும் குரல் ஏற்ற இறக்கத்துக்கு வருவோம். ‘குவான்’ முதல் தொனி: குரலை மேலே கொண்டுபோய், ஒரே ஸ்வரத்தைப் பிடிப்பது போல ஆடாமல் நிறுத்த வேண்டும். ‘ஜியென்’ நான்காம் தொனி: ‘போ!’ என்று அதட்டும்போது குரல் மேலிருந்து தொப்பென்று விழுமே, அப்படி. ‘ஷி’யும் நான்காம் தொனிதான், ஆனால் பேச்சில் அது மெலிந்துவிடும். மேலே நேர்க்கோடு, பிறகு ஒரு சரிவு, கடைசியில் ஒரு சின்னத் தொடல். பலர் ‘ஷி’யைச் சற்று இழுத்து, நொடி நேரம் நிறுத்திவிட்டு மேலே போவார்கள். அந்த இழுப்புதான் கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. முதல் நாளே அதையும் சேர்த்துப் பழகிவிடுங்கள்.

ஒரு வாரம் காதுக்கு மட்டும்

பேசுவதற்கு முன் ஒரு வாரம் இதைப் பிடிக்கும் பயிற்சி செய்யுங்கள். சீன நேர்காணல், சமையல் காணொளி, பொருள் விமர்சனம், எது கிடைத்தாலும் சரி. பொருள் புரிய வேண்டும் என்று மெனக்கெட வேண்டாம். ‘குவான்ஜியென்’ விழும் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, அதற்குப் பின்னால் வந்த சொற்களை மட்டும் தமிழ் எழுத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். வீசாட் செயலியில் யாராவது குரல் செய்தி அனுப்பினால் இன்னும் நல்லது. செய்தியை அழுத்திப் பிடித்தால் எழுத்தாக மாற்றும் வசதி வரும். அதில் அந்த இரண்டு எழுத்தைத் தேடி, பின்னால் இருப்பதை மட்டும் அகராதியில் போட்டுப் பாருங்கள். சிங்கப்பூரில் இருப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை. தமிழோடு மாண்டரினும் அங்கே ஆட்சிமொழி. உணவங்காடியில் பக்கத்து மேசையே பள்ளிக்கூடம்.

வாக்கியத்தில் எங்கே வைப்பது

தமிழில் அழுத்தம் கொடுக்க நமக்கு ‘தான்’ இருக்கிறது. அது சொல்லுக்குப் பின்னால் ஒட்டும்: தரம்தான் முக்கியம், நீதான் வரணும். சீனத்தில் அழுத்தம் முன்னாலேயே வந்து நின்று கையைக் காட்டும். தமிழில் யோசித்துக்கொண்டே சீனம் பேசினால் ‘குவான்ஜியென்’ வாக்கியத்தின் கடைசிக்குப் போய்விடுகிறது. ‘ஜிலியாங் ஷி குவான்ஜியென்’, அதாவது தரமே முக்கியம் என்று சொல்வது தப்பில்லை. ஆனால் அது சுவரில் எழுதி வைக்கிற வாசகம் போல இருக்கும். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் பேசும்போது முன்னால் போடுங்கள்: ‘குவான்ஜியென் ஷி ஜிலியாங்’.

பின்னால் ஒரு சொல்லும் வரலாம், முழு வாக்கியமும் வரலாம். ‘குவான்ஜியென் ஷி மெய் ஷிஜியென்’ என்றால் ‘விஷயம் என்னன்னா நேரமில்லை’. தமிழைப் போல ‘என்பதுதான்’ என்று கட்டி முடிக்க வேண்டியதில்லை.

‘செய்வாயா மாட்டாயா என்பதுதான்’ என்ற வகைக்கு மட்டும் ஒரு சூத்திரம் வேண்டும். வினைச்சொல்லை இரண்டு முறை சொல்லி நடுவில் மறுப்பான ‘பு’வை வையுங்கள். ‘குவான்ஜியென் ஷி நீ ஷியாங் பு ஷியாங் ச்சு’: நீ போக விரும்புகிறாயா இல்லையா என்பதுதான் முக்கியம். இது சீனர்கள் வாயில் மிக அதிகமாக வரும் வடிவம், மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

எதற்கெல்லாம் பயன்படும்

ஒன்றைத் தள்ளிவைத்துவிட்டு இன்னொன்றை முன்னால் இழுப்பது முதல் பயன். கடைக்கார அம்மா சொன்னது இந்த வகை: ‘ஜியாகெ கெயி ஷாங்லியாங், குவான்ஜியென் ஷி ஷூலியாங்.’ விலை பேசிக்கொள்ளலாம், எண்ணிக்கைதான் விஷயம். ‘குய் பு குய் மெய் குவான்ஷி, குவான்ஜியென் ஷி ஹாவ் பு ஹாவ்யுங்’ என்பதும் அதே அச்சு: விலை கூடவோ குறையவோ பரவாயில்லை, பயன்படுத்த வசதியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இந்த அச்சில் முதல் பாதிதான் நாகரிகம். எதிராளி பேசியதை முதலில் ஏற்றுக்கொண்டு, அதற்கு ஓர் இடம் கொடுத்துவிட்டு, பிறகு நம் பேச்சுக்கு வருகிறோம். முதல் பாதி இல்லாமல் நேரே ‘குவான்ஜியென் ஷி’ என்று இறங்கினால் வெட்டிப் பேசுவது போலத் தோன்றும்.

அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் உச்சிக்கு ஏற்றுவது இன்னொரு பயன். வாடகை வீடு பார்த்துவிட்டு வந்த நண்பர் சொல்வார்: ‘நாகெ ஃபாங்ஸ ஹென் தா, லி திதியே ஜின், குவான்ஜியென் ஷி ஃபாங்ஸு பு குய்.’ வீடு பெரிது, மெட்ரோ பக்கம், எல்லாவற்றுக்கும் மேலே வாடகை அதிகமில்லை. இங்கே எதையும் தள்ளவில்லை, எல்லாம் நல்லதுதான், கடைசியில் வருவது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிடுகிறது. குறை சொல்லவும் இதே அடுக்குதான்: தாமதமாக வந்தான், மன்னிப்பும் கேட்கவில்லை, ‘குவான்ஜியென் ஷி மெய் ட்ஸ தோ ஜயாங்’, ஒவ்வொரு தடவையும் இப்படியே.

தானே கேட்டுத் தானே பதில் சொல்வதும் உண்டு. ‘குவான்ஜியென் ஷி ஷென்ம ந?’ என்று கேட்டு நிறுத்துவார்கள். நம் ஊர்ப் பேச்சாளர் ‘இதில் முக்கியம் என்ன?’ என்று கேட்டுவிட்டு ஒரு மிடறு தண்ணீர் குடிப்பாரே, அதே நிறுத்தம். ஆசிரியர்களும் விற்பனைக்காரர்களும் இதை விடமாட்டார்கள். கேள்வி உங்களிடம் கேட்கப்பட்டது என்று எண்ணிப் பதில் தேட வேண்டாம், பதில் அவரிடமிருந்தே வரும்.

நெருங்கிய நண்பர்களுக்குள் ‘ஷி’ விழுந்தே போகும். ‘குவான்ஜியென் தா பு திங் ஆ!’ என்றால் ‘அவன் கேட்டால்தானே!’ என்ற அலுப்பு. காதில் விழுந்தால் புரிந்துகொள்ளுங்கள். கொஞ்ச நாளைக்கு நீங்கள் ‘ஷி’யோடு சொல்வதே நல்லது.

பக்கத்து வீட்டுச் சொற்கள்

அகராதியில் ‘முக்கியம்’ என்று தேடினால் ‘ஜோங்யாவ்’ என்று வரும். உடனே ‘ஜோங்யாவ் ஷி’ என்று சொல்லிவிடுகிறோம். புதியவர்களிடம் நான் அதிகம் கேட்கும் பிழை இது. ‘ஜோங்யாவ்’ முக்கியமான என்ற தன்மையைச் சொல்லும் சொல். அது ‘முக்கியமானது’ என்று பெயராக வேண்டுமானால் நடுவில் ‘த’ வேண்டும்: ‘ஜோங்யாவ் த ஷி’, இன்னும் அழுத்தமாக ‘ஸுய் ஜோங்யாவ் த ஷி’. ‘குவான்ஜியென்’ பெயர்ச்சொல்லாகவே நிற்கும் என்பதால் அதற்கு ‘த’ தேவையில்லை. தன்மைச் சொல்லாகவும் அது வரும்: ‘ஜ ஹென் குவான்ஜியென்’, இது மிக முக்கியம்.

‘ஜோங்தியென் ஷி’ என்பது இதன் உடன்பிறப்பு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கனமான புள்ளி. பள்ளிக்கூட வாசனை உள்ள சொல் இது. தேர்வுக்கு எது வரும் என்று ஆசிரியர் கோடு போடச் சொல்வதும் ‘ஜோங்தியென்’தான். தைவான்காரர்கள் பேச்சில் இது சரளமாக வரும்.

‘ஜூயாவ் ஷி’ மென்மையானது. காரணம் சொல்லித் தப்பிக்க ஏற்றது: ‘ஜூயாவ் ஷி வோ மெய் ஷிஜியென்’, முக்கியமாக எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அழைப்பை மறுக்கும்போது ‘குவான்ஜியென் ஷி’யைவிட இது இதமாக இருக்கும். ‘ஷுவோ பாய் ல’ என்றால் பட்டவர்த்தனமாகச் சொன்னால், நெருக்கமானவர்களிடம் மட்டும். ‘ஸோங்ஜ’ என்பது மொத்தத்தில் என்று தொகுப்பதற்கு. அது முக்கியத்தைச் சுட்டாது, குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹாங்காங்கிலும் கோலாலம்பூரிலும் கேட்கும் கேண்டனீஸ் வேறு மொழி. அங்கே ஒலியும் தொனியும் வேறு, இந்தக் கணக்கு அப்படியே செல்லாது.

யாரிடம், எத்தனை முறை

மேலதிகாரி ஒன்றைச் சொல்லி முடித்ததும் ‘குவான்ஜியென் ஷி’ என்று ஆரம்பித்தால், ‘நீங்கள் சொன்னது விஷயமே இல்லை’ என்று அவர் காதில் விழும். முன்னால் ‘வோ ஜுவேத’, அதாவது ‘எனக்குத் தோன்றுவது’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ‘வோ ஜுவேத குவான்ஜியென் ஷி…’ என்றால் அதே கருத்து பணிவாக வந்து உட்காரும். பெரியவர்களிடமும், முதல் தடவை சந்திப்பவரிடமும் இதை விடவே கூடாது.

ஒரு பேச்சில் ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு. கற்ற புதிதில் ஆசையில் எல்லாவற்றுக்கும் போடுவோம். விலையும் முக்கியம், தரமும் முக்கியம், தேதியும் முக்கியம் என்றால் எதிரில் இருப்பவர் எதைப் பிடிப்பார்? வாயைத் திறக்கும் முன் ‘எனக்கு இன்று ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும் என்றால் எது?’ என்று தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பதிலைச் சீனத்தில் சொல்லத் தேவையான சொல்லை மட்டும் அகராதியில் பார்த்துக்கொண்டு போங்கள். நேரம் ‘ஷிஜியென்’, எண்ணிக்கை ‘ஷூலியாங்’, தரம் ‘ஜிலியாங்’, சரக்கு கொடுப்பது ‘ஜியாவ்ஹுவோ’. வியாபாரத்துக்குப் போகிறவருக்கு இந்த நாலு போதும்.

அடுத்த முறை யிவூ போனது டிசம்பரில். அதே கடை, அதே அம்மா. ஜனவரி பிற்பகுதியிலோ பிப்ரவரியிலோ வரும் சீனப் புத்தாண்டுக்கு ஆலைகள் வாரக்கணக்கில் மூடிவிடும். வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்கு முன் சரக்கு கிளம்பவில்லை என்றால் மாசத்துக்கு மேல் தள்ளிப்போகும். அவர் வழக்கம் போலக் கால்குலேட்டரை எடுத்தார். நான் அதைத் தொடவில்லை. “லாவ்பன்னியாங், ஜியாகெ மெய் குவான்ஷி. குவான்ஜியென் ஷி… ஷிஜியென்” என்றேன். முதலாளியம்மா, விலை பரவாயில்லை, நேரம்தான் விஷயம்.

அவர் கால்குலேட்டரைக் கீழே வைத்தார். பின்னால் ஆணியில் தொங்கிய சிவப்பு நாள்காட்டியைக் கழற்றி மேசைமேல் என் பக்கமாக விரித்தார். புத்தாண்டு வாரத்தைப் பேனாவால் குறுக்கே அடித்துவிட்டு, அதற்குப் பத்து நாள் முந்தைய ஒரு தேதியைச் சுற்றி வட்டமிட்டு, “கெயி மா?”, ஆகுமா என்று கேட்டார்.